கிறிஸ்துமஸ் பரிசாக வந்த கிளி: ஒரே குடும்பத்தில் மூவருக்குப் பரவிய நுரையீரல் தொற்று, ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத் தலைநகர் அன்னாபோலிஸில், 1930 ஜனவரி முதல் வாரத்தில், ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேர் கடும் காய்ச்சலோடு படுத்துக் கிடந்தார்கள். ஒரு நடுத்தர வயதுப் பெண், அவருடைய மகள், மருமகன். மூவருக்கும் பொதுவாக இருந்தது சில நாட்களுக்கு முன் செத்துப்போன ஒரு கிளி.

வளர்ப்புப் பிராணியிடமிருந்து மனிதருக்கு நுரையீரல் தொற்று வருவதைப் பற்றிப் பேசும்போது நான் இந்தப் பழைய நிகழ்வையே எடுத்துக்கொள்வேன். பரிசோதனை இல்லை, மருந்து இல்லை, நோய்க்கிருமி எது என்றே தெரியாது. இவ்வளவு இல்லாமலும் நோய் கிளிக்காய்ச்சல்தான் என்று சரியாகக் கணிக்கப்பட்டது. எல்லாப் பரிசோதனையும் கைக்கெட்டும் இன்று அதே நோய் பலமுறை தவறவிடப்படுகிறது. ஏன் என்பதைக் கடைசியில் பார்ப்போம். குடும்பத்தாரின் பெயர்கள் அன்றைய செய்தித்தாள்களில் அச்சானவைதான். ஆனால் இங்கே அவை தேவையில்லை.

பின்னணி

1920களின் இறுதியில் அமெரிக்க நகர வீடுகளில் கூண்டுப் பறவை வைத்துக்கொள்வது பெரிய மோகம். தென் அமெரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாகக் கிளிகள் வந்தன. பச்சை உடலும் நெற்றியில் நீலமும் கொண்ட அமேசான் கிளிகளுக்குத் தனி மவுசு. கிறிஸ்துமஸ் நேரத்தில் கடைகளில் விற்பனை சூடுபிடிக்கும். மாதக்கணக்கில் நெருக்கியடித்த கூண்டுகளில் பயணம் செய்த பறவை எப்படி இருக்கிறது என்று யாரும் சோதிக்கவில்லை. சோதிக்கச் சொல்லி விதியும் இல்லை.

அதே 1929இல் அர்ஜென்டினாவில் கிளிகளோடு தொடர்புடைய ஒரு காய்ச்சல் பரவிக்கொண்டிருந்தது. பியூனஸ் அயர்ஸில் ஒரு நாடகக் குழு மேடையில் பயன்படுத்திய கிளியிடமிருந்து நடிகர்களுக்கு நோய் தொற்றியது. அந்தச் செய்தி மெல்ல மெல்ல மற்ற நாடுகளின் பத்திரிகைகளுக்கும் கசிந்தது.

மருத்துவ உலகுக்கு இது முற்றிலும் புதியதல்ல. 1879இல் சுவிட்சர்லாந்தின் உஸ்டர் என்ற ஊரில் யாக்கோப் ரிட்டர் என்ற மருத்துவர் தன் சகோதரரின் வீட்டிலேயே இதைக் கண்டிருக்கிறார். ஏழு பேர் நோயுற்று, மூவர் இறந்தார்கள். வீட்டில் வைத்திருந்த வெளிநாட்டுப் பறவைகள்மேல்தான் அவருக்குச் சந்தேகம். நிமோனியாவும் டைபாய்டும் கலந்தது போன்ற நோய் என்று எழுதிவைத்தார். 1892இல் பாரிஸிலும் இதே கதை நடந்தது. அங்கே பிரெஞ்சு ஆய்வாளர் ஒருவர் கிளியின் உடலிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, நோய்க்குக் காரணம் இதுதான் என்று அறிவித்தார். அது தவறு. ஆனாலும் அடுத்த நாற்பது ஆண்டுகள் பலரும் அந்தப் பாக்டீரியாவையே தேடிக்கொண்டிருந்தார்கள். நோயாளியிடம் அது கிடைக்காதபோது ‘அப்படியானால் இது கிளிக்காய்ச்சல் இல்லை’ என்று முடிவுகட்டவும் அது வழிவகுத்தது.

பறவை வீட்டில் இருந்த நாட்கள்

அன்னாபோலிஸில் வசித்த ஒருவர், கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்பு, அருகிலுள்ள பால்டிமோர் நகரக் கடையில் ஒரு கிளி வாங்கினார். மனைவிக்குத் தெரியாமல் கொடுக்கவேண்டிய பரிசு. எனவே கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் வரை மகளும் மருமகனும் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஏற்பாடு செய்தார்.

பரிசு கைமாறும் நேரத்திலேயே கிளி நலமாக இல்லை. இறகுகள் சிலிர்த்து, அழுக்காக, சுருண்டு உட்கார்ந்திருந்தது. கிறிஸ்துமஸ் அன்று செத்துவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிளியை வாங்கிவந்தவருக்கு நோய் வரவில்லை. அதை வீட்டில் வைத்திருந்த மகள், மருமகன், பரிசாகப் பெற்ற மனைவி ஆகிய மூவருக்கும் வந்தது. இந்தத் தொற்று உலர்ந்த எச்சத்தின் தூசியாலும், இறகுத் தூளாலும், பறவையின் மூக்குச் சளியாலும் மூச்சு வழியே உள்ளே போகிறது என்று இன்று நமக்குத் தெரியும். பறவையைக் கடையில் பார்த்து, பணம் கொடுத்து, கொண்டுவந்து சேர்த்தவரைவிட, அதே அறையில் மூச்சுவிட்டு, தீனி வைத்து, கூண்டைச் சுத்தம் செய்தவர்களுக்கே அபாயம் அதிகம். அந்த ஆண்டு அமெரிக்காவில் நோயுற்றவர்களில் பெண்கள் அதிகமாக இருந்ததற்கும் இதுவே காரணம். கூண்டைப் பெருக்கும் வேலை யார் தலையில் விழுந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

நோயாளிகளிடம் கண்டது

கிளி செத்துச் சில நாட்களில் மூவரும் அடுத்தடுத்து விழுந்தார்கள். குடும்ப மருத்துவர் வந்து பார்த்தபோது படம் தெளிவாக இல்லை. நுரையீரலைப் பார்த்தால் நிமோனியா போல் இருந்தது. காய்ச்சலின் போக்கைப் பார்த்தால் டைபாய்டு போல் இருந்தது.

இந்தக் குழப்பத்துக்கு அவரைக் குறைசொல்ல முடியாது. சிட்டகோசிஸ் என்று இன்று அழைக்கப்படும் இந்த நோயின் இயல்பே அப்படி. பறவையோடு பழகிய 5 முதல் 14 நாட்களுக்குள் திடீரென்று உயர்காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி, உடல்வலி. இருமல் தொடக்கத்தில் வறண்டதாக, சொற்பமாக இருக்கும். சிலருக்கு இருக்கவே இருக்காது. காய்ச்சல் ஏறும் அளவுக்கு நாடித்துடிப்பு ஏறாது. இது டைபாய்டின் அடையாளமும்கூட. சிலருக்கு மண்ணீரல் வீங்கும். ஸ்டெதாஸ்கோப்பில் கேட்பது கொஞ்சம்தான், எக்ஸ்ரேயில் தெரிவது அதைவிட மோசம். இரண்டாம் வாரத்தில் மயக்கமும் பிதற்றலும் வந்தால் வீட்டார் மட்டுமல்ல, மருத்துவரும் டைபாய்டு பக்கமே சாய்வார்.

ஆனால் டைபாய்டு என்றால் ஒரே குடும்பத்தில் மூன்று பேருக்கு நிமோனியாவும் சேர்ந்து வருவானேன்? சாதாரண நிமோனியா என்றால் மூவருக்கும் ஒரே சமயத்தில் வருவானேன்? இரண்டு கேள்விக்கும் பொருந்தும் ஒரு விடை அவரிடம் இல்லை.

திருப்பம்: ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை

மருத்துவர் இந்த நோயாளிகளைப் பற்றியும் அவர்கள் வீட்டில் செத்த கிளியைப் பற்றியும் தன் மனைவியிடம் பேசியிருக்கிறார். அவர் மனைவி பத்திரிகையில் பியூனஸ் அயர்ஸ் கிளிக்காய்ச்சல் பற்றிய செய்தியைப் படித்திருந்தார். இரண்டையும் முடிச்சுப் போட்டது அவர்தான்.

இதை அதிர்ஷ்டம் என்று சொல்லி நகர்ந்துவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. செய்தி கையில் இருந்தாலும், செத்த கிளி பற்றிய தகவல் நோயாளியின் வரலாற்றில் இல்லாமல் போயிருந்தால் எந்த முடிச்சும் விழுந்திருக்காது. அந்த மருத்துவர் கிளியைப் பற்றிக் கேட்டாரா, வீட்டார் தாங்களாகவே சொன்னார்களா என்பது இரண்டாம் விஷயம். தகவல் நோயாளியின் படுக்கையிலிருந்து மருத்துவரின் காதுக்கு வந்து சேர்ந்தது. அவ்வளவுதான் தேவைப்பட்டது.

எடுத்த முடிவு

1930 ஜனவரி 6, திங்கட்கிழமை. மருத்துவர் வாஷிங்டனிலுள்ள மத்திய பொதுச் சுகாதாரத் துறைக்குத் தந்தி அடித்தார். கிளிக்காய்ச்சலைக் கண்டறிவது எப்படி, பரவாமல் தடுப்பது எப்படி, அதற்கான சீரம் (நோயை எதிர்க்க உதவும் இரத்தத் திரவம்) எங்கே கிடைக்கும் என்று கேட்டார். அப்படி ஒரு சீரம் எங்கும் கிடையாது.

சந்தேகம் உறுதியாகும் வரை காத்திருக்கவில்லை என்பதே இதில் முக்கியம். உறுதிசெய்யும் வழியே இல்லாத நோய் அது. தன் நோயாளிகளுக்கு உடனடிப் பயன் கிடைக்குமா என்று தெரியாவிட்டாலும், பால்டிமோரின் அந்தக் கடையிலிருந்து இன்னும் எத்தனை கிளிகள் எத்தனை வீடுகளுக்குப் போயின என்ற கேள்வியை எழுப்பக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

தந்தி பல மேசைகளைத் தாண்டி, துறையின் சுகாதார ஆய்வகத் தலைவர் ஜார்ஜ் மெக்காயிடம் போனது. அவர் அதைச் சார்ல்ஸ் ஆம்ஸ்ட்ராங் என்ற ஆய்வாளரிடம் ஒப்படைத்தார். ஓரிரு நாட்களில் செய்தி பத்திரிகைகளின் முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது. கிளி விற்ற கடையில் வேலைபார்த்தவர்களும் நோயுற்றிருந்தது தெரியவந்தது. வேறு ஊர்களிலிருந்தும் தகவல்கள் குவிந்தன. அதுவரை காரணம் புரியாத நிமோனியா என்று எழுதி மூடிய சில மரணங்கள் மறுபடி பரிசீலிக்கப்பட்டன.

வீட்டுக்கு வெளியே: ஆய்வகத்தில் நடந்தது

அன்னாபோலிஸ் வீட்டில் மூவரும் பிழைத்துக்கொண்டார்கள். படுக்கை ஓய்வு, நீராகாரம், செவிலியர் பராமரிப்பு ஆகியவற்றுக்கு மேல் அன்று கொடுக்க எதுவும் இருக்கவில்லை. ஆனால் இந்த நிகழ்வின் மிக மோசமான பகுதி அந்த வீட்டில் நடக்கவில்லை.

ஆம்ஸ்ட்ராங்கும் ஆய்வக உதவியாளர் ஹென்றி ஆண்டர்சனும் வாஷிங்டன் ஆய்வகத்தின் நிலவறையில் நோயுற்ற கிளிகளை வைத்து வேலை தொடங்கினார்கள். கிருமிநாசினியில் நனைத்த திரைகள், கையுறைகள் என்று அன்று தெரிந்த எச்சரிக்கைகள் எல்லாம் இருந்தன. ஆண்டர்சன் நோயுற்று, பிப்ரவரி 8 அன்று இறந்தார். பால்டிமோர் நகரச் சுகாதாரத் துறையில் இதே நோயை ஆராய்ந்த பாக்டீரியா ஆய்வாளர் வில்லியம் ராயல் ஸ்டோக்ஸ் இரண்டு நாள் கழித்து இறந்தார். ஆம்ஸ்ட்ராங்கும் படுக்கையில் விழுந்தார். நோயிலிருந்து மீண்டவர்களின் இரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தை மெக்காய் ஏற்பாடு செய்து அவருக்குச் செலுத்தினார். அவர் பிழைத்தார். சீரத்தால்தான் பிழைத்தாரா என்று சொல்ல முடியாது.

அப்புறம் இன்னொன்று நடந்தது. கிளிகள் இருந்த பக்கமே போகாத, மேல்மாடிகளில் வேறு வேலை பார்த்த ஊழியர்களும் மார்ச் மாதத்தில் நோயுற்றார்கள். மெக்காய் கட்டடத்தைக் காலி செய்யச் சொன்னார். பறவைகளையும் மற்ற ஆய்வு விலங்குகளையும் கொன்று எரித்தார். ஜன்னல்களை அடைத்து, கட்டடம் முழுவதும் சயனைடு புகை விட்டார்.

வீட்டில் கிளி வைத்திருப்பவருக்கு இந்த ஆய்வகச் சம்பவமே அதிகம் சொல்லிக்கொடுக்கிறது என்பது என் கருத்து. பறவையைத் தொட்டால்தான் தொற்றும், கொத்தினால்தான் தொற்றும் என்று நினைப்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அந்த மேல்மாடி ஊழியர்களைக் கிளி கொத்தவில்லை. தூசி காற்றில் ஏறிப் போயிருக்கிறது.

பரவலின் முடிவு

ஜனவரி 24 அன்று அதிபர் ஹெர்பர்ட் ஹூவர் கிளிகளின் இறக்குமதியைத் தடைசெய்து ஆணை பிறப்பித்தார். பயத்தில் சிலர் தங்கள் கிளிகளைத் தெருவில் விட்டார்கள், சிலர் கழுத்தைத் திருகினார்கள். வசந்தத்துக்குள் பரவல் அடங்கியது. அமெரிக்காவில் கணக்கில் வந்தவர்கள் 169 பேர், இறந்தவர்கள் 33 பேர். அதாவது ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு. குழந்தைகளுக்கு நோய் லேசாக வந்து போனது; வயது ஏற ஏற மரணம் கூடியது. அந்த ஆண்டு மே மாதத்தில் அந்தச் சுகாதார ஆய்வகம் விரிவாக்கப்பட்டு தேசிய சுகாதார நிறுவனமாகப் பெயர் மாறியது.

நோய்க்காரணியும் 1930லேயே பிடிபடத் தொடங்கியது. லண்டனில் பெட்சன் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் பாக்டீரியாவைத் தடுக்கும் வடிகட்டியையும் அது கடந்துவிடுவதைக் காட்டினார்கள். வாஷிங்டனில் லில்லி என்ற ஆய்வாளர் உட்பட மூவர், மூன்று வெவ்வேறு இடங்களில், தனித்தனியாக, செல்லுக்குள் நுண்ணிய துகள்களைக் கண்டார்கள். பல ஆண்டுகள் அதை வைரஸ் என்றே நம்பினார்கள். உண்மையில் அது செல்லுக்குள் மட்டும் வாழத் தெரிந்த ஒரு பாக்டீரியா. இன்றைய பெயர் கிளமிடியா சிட்டாசி.

இறக்குமதியைத் தடுத்ததோடு பிரச்சினை முடிந்தது என்ற நிம்மதி நீடிக்கவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் கலிபோர்னியாவில் கார்ல் மேயர் என்ற ஆய்வாளர், உள்ளூரிலேயே வளர்த்து விற்கப்பட்ட பட்ஜெரிகர் பறவைகளிலும் இந்தத் தொற்று இருப்பதைக் காட்டினார். நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கிறார்களே, பெரும்பாலும் அதே பறவைதான். அவற்றில் பல பார்வைக்கு நல்ல ஆரோக்கியமாக இருந்தன. பயணம், நெரிசல், குளிர், தீனி மாற்றம் என்று ஏதாவது ஒரு நெருக்கடி வரும்போது கிருமியை எச்சத்தில் வெளியேற்றின. அன்னாபோலிஸ் கிளி கண்ணுக்குத் தெரிய நோயுற்றது ஒரு வகையில் அந்த வீட்டுக்கு நல்லதாகப் போயிற்று. அது செத்ததால்தான் நினைவில் நின்றது.

இன்று இதே வீடு என்றால்

முதல் மாற்றம் மருந்து. டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் 1940களின் கடைசியில் வந்தபின் இந்த நோயின் முகமே மாறியது. டாக்ஸிசைக்ளின் தொடங்கினால் பெரும்பாலானோருக்கு ஓரிரு நாளில் காய்ச்சல் தணியும். உரிய நேரத்தில் சிகிச்சை பெற்றவர்களில் இறப்பு நூற்றில் ஒன்றுக்கும் கீழ். ஆனால் நிமோனியா என்றதும் வழக்கமாக முதலில் எழுதப்படும் பென்சிலின் வகை மருந்துகள் இதில் நம்பத்தக்கவை அல்ல. அமாக்ஸிசிலின் கொடுத்து மூன்று நாளாகியும் காய்ச்சல் அசையவில்லை, வீட்டில் பறவை இருக்கிறது என்றால் அந்தத் தகவல் மருத்துவருக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். கர்ப்பிணிகளுக்கு டாக்ஸிசைக்ளின் பொதுவாகத் தவிர்க்கப்படும், அசித்ரோமைசின் போன்ற மாற்று உண்டு. எனவே இங்கே தானாக மருந்து வாங்குவதற்கு இடமே இல்லை.

இரண்டாவது, பரிசோதனை. தொண்டை அல்லது சளி மாதிரியில் பிசிஆர் செய்து கிருமியை உறுதிசெய்யலாம். ஆனால் இது எல்லா நிமோனியா நோயாளிக்கும் தானாகச் செய்யப்படுவதல்ல. மருத்துவர் சந்தேகப்பட்டுக் கேட்டால்தான் செய்வார்கள். இங்கேதான் இன்றும் நோய் தவறுகிறது. 2024 தொடக்கத்தில் டென்மார்க்கில் 23 பேருக்கு இந்த நோய் உறுதியானது. 17 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், நால்வர் இறந்தார்கள். நல்ல மருத்துவ வசதி உள்ள நாடு அது. எல்லாருடைய வீட்டிலும் கூண்டுப் பறவை இருந்ததும் இல்லை. காட்டுப் பறவைகளின் எச்சத் தூசியாலும் தொற்று வரும். ஆகவே ‘பறவை வளர்க்கிறீர்களா’ என்று மட்டும் கேட்பது போதாது. பால்கனியில் புறா அடைகிறதா, பறவைகளுக்குத் தீனித் தட்டு வைக்கிறீர்களா, கோழிக் கூண்டை யார் கழுவினார்கள், சமீபத்தில் ஏதாவது பிராணி செத்ததா என்று வரிசையாகக் கேட்கவேண்டும்.

மூன்றாவது, அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்ற கணக்கு. அன்னாபோலிஸ் வீட்டில் மூவரும் பிழைத்தார்கள். அதே கிளி கீமோதெரபி எடுப்பவர், உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பின் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர், நாள்பட்ட நுரையீரல் நோயுள்ள முதியவர், கர்ப்பிணி ஆகியோரில் ஒருவர் இருக்கும் வீட்டுக்குப் போயிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கலாம். இவர்கள் இருக்கும் வீட்டில் புதுப் பறவை வாங்குவதைத் தள்ளிப்போடுவது நல்லது. ஏற்கெனவே இருந்தால் கூண்டைச் சுத்தம் செய்யும் பொறுப்பை வேறொருவர் ஏற்கவேண்டும். எச்சத்தைக் காய்ந்தபடியே பெருக்கவோ வாக்குவம் போடவோ கூடாது. தண்ணீரோ கிருமிநாசினியோ தெளித்து நனைத்த பிறகு எடுக்கவேண்டும். கூண்டு படுக்கையறையிலும் சமையலறையிலும் இருக்கக்கூடாது. புதிதாக வந்த பறவையை ஏற்கெனவே உள்ளவற்றோடு உடனே சேர்க்காமல் குறைந்தது ஒரு மாதம் தனியே வைப்பது பறவைக்கும் நல்லது. இந்தியாவில் பச்சைக்கிளியை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். ஒளித்து வைத்திருப்பவர் அதை மருத்துவரிடம் சொல்லத் தயங்குவார் என்பது தனிச் சிக்கல்.

நாய் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு. நாய்களுக்கு வறட்டு இருமல் தரும் போர்டடெல்லா பிராங்கிசெப்டிகா என்ற பாக்டீரியா எதிர்ப்பு சக்தி மிகக் குறைந்த மனிதருக்கு நிமோனியாவை உண்டாக்கலாம். இதற்கான தடுப்பு மருந்துகளில் மூக்கில் விடும் வகை, உயிருள்ள, வலுவிழக்கச் செய்த கிருமியால் ஆனது. கால்நடை மருத்துவர் அதை விடும்போது நாயைப் பிடித்துக்கொள்ளும் ஆள் கீமோதெரபி எடுப்பவராக இருக்கக் கூடாது. நாயைக் கைவிட வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

அதேபோல நோயுற்ற கிளியையும் கொல்ல வேண்டியதில்லை. கால்நடை மருத்துவர் டாக்ஸிசைக்ளின் கொடுத்து, வழக்கமாக 45 நாள் வரை தொடர்வார். அந்த நாட்களில் பறவை தனி அறையில் இருக்கும். ஒரே ஆள், முகக்கவசமும் கையுறையும் அணிந்து, தீனி வைத்துக் கூண்டைக் கழுவுவார். அதற்குள் பறவை செத்துவிட்டால் உடலைக் குப்பையில் போட்டுவிடக் கூடாது. நனைத்து, இரண்டு பிளாஸ்டிக் உறைகளில் கட்டி, பரிசோதனைக்காகக் கால்நடை மருத்துவரிடம் சேர்க்கவேண்டும். வீட்டில் யாருக்காவது அதே வாரத்தில் காய்ச்சல் வந்தால், அந்த முடிவு அவருடைய மருத்துவருக்கும் போகவேண்டும்.